நம்பாமல் நடுங்குவது

பழைய பாணியில், சொற்பச் செலவில் எடுத்த திகில் படம் ஒன்றை நாலைந்து நண்பர்கள் சேர்ந்து பார்க்கிற அறையில் தத்துவத்துக்கு என்ன வேலை என்று தோன்றலாம். ஆனால் அங்கே நடப்பது எளிதில் விளங்குகிற காரியம் அல்ல. பிசாசின் முகம் ரப்பர் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. கழுத்தோரத்தில் அதன் விளிம்புகூடத் தெரிகிறது. இரத்தம் என்பது பாகு. ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' (1968) கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் அதில் சாக்லேட் பாகே இரத்தமாக ஓடியது. சாம் ரைமியின் 'த ஈவில் டெட்' (1981) படத்தில் சோளப்பாகு ஓடியது. இதையெல்லாம் அறிந்தவர்கள்தான் பார்க்க உட்காருகிறார்கள். இருந்தும் இருட்டு நடையின் கோடியில் ஒரு கதவு தானாகத் திறந்தால் தோள்கள் ஒடுங்குகின்றன, பேச்சு நின்றுபோகிறது. மறுநொடி எல்லோரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். நம்பாத ஒன்றுக்கு மனிதர் எப்படி அஞ்ச முடியும்? அப்படி அஞ்சினால் அது போலி அச்சம்தானே? என் வாதம் வேறு. நம்பிக்கை இல்லாமல் வருகிற அச்சம் போலியும் அல்ல, குறைந்ததும் அல்ல. நம்பிக்கையோடு வருகிற அச்சத்தைவிட அது தெளிவானது, ஒழுக்கமானது. அந்தத் தெளிவைக் காத்துத் தருவது பக்கத்தில் இருப்பவரின் சிரிப்பு.

மேலைத் தத்துவத்தில் இந்தப் புதிரைக் கூர்மையாக முன்வைத்தவர் கெண்டல் வால்டன். 1978இல் அவர் எழுதிய கட்டுரையில் சார்ல்ஸ் என்றொருவர் திரையில் பச்சை நிறக் கூழ் அரக்கன் ஒன்று தன்னை நோக்கி வருவதைப் பார்த்து நடுங்குகிறார். இதயம் படபடக்கிறது, விரல்கள் இருக்கையை இறுக்குகின்றன. ஆனாலும் அவர் எழுந்து ஓடவில்லை, காவல்துறையைக் கூப்பிடவில்லை. எனவே அவருக்கு வந்தது அச்சம் அல்ல, அச்சம் போன்ற ஒன்று என்கிறார் வால்டன். குழந்தைகள் விளையாட்டில் அழுவதுபோல, அவர் அச்சத்தை நடிக்கிறார். 1990இல் திகில் கலை பற்றி ஒரு நூல் எழுதிய நோயல் கரோல் இதை ஏற்கவில்லை. அரக்கன் இருக்கிறது என்று நம்ப வேண்டியதில்லை, அரக்கனைப் பற்றிய எண்ணம் மனத்தில் எழுந்தாலே உண்மையான அச்சம் வரும் என்பது அவர் விடை. மலை விளிம்பில் பத்திரமாக நிற்பவர்கூட விழுவதை நினைத்தால் நடுங்குவார். இரண்டில் கரோல் சொல்வதே அனுபவத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. ஆனால் இருவரும் பார்வையாளரை ஒற்றை ஆளாகவே வைத்து யோசிக்கிறார்கள். சார்ல்ஸின் பக்கத்து இருக்கையில் யார் இருந்தார் என்ற கேள்வி எழவே இல்லை. அரக்கனின் செய்நேர்த்தி மோசமாக இருந்தால் என்ன ஆகும் என்பதும் எழவில்லை. ரப்பர் முகமூடியும் நண்பர் கூட்டமும் இந்த விவாதத்தில் விடுபட்ட இரண்டு சாட்சிகள்.

இந்தச் சாட்சிகளைக் கூப்பிட இந்திய மரபில் இடம் உண்டு. எட்டு மெய்ப்பாடுகளை வகுத்த தொல்காப்பியம் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், அரசன் என்னும் நான்கைச் சொல்கிறது. திகில் சினிமாவின் மொத்தச் சரக்கும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். ஆனால் மேடையில் தோன்றும் அணங்கும் வீட்டு வாசலில் வந்து நிற்கும் கள்வனும் ஒரே வகை அச்சத்தையா தருகிறார்கள்? இதற்கு விரிவான பதில் தந்தவர் பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் காஷ்மீரத்தில் வாழ்ந்த அபிநவகுப்தர். பரதரின் நாட்டிய சாத்திரத்துக்கு எழுதிய உரையில் அவர் காளிதாசனின் சாகுந்தலத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்துக்கொள்கிறார்: துஷ்யந்தனின் தேர் துரத்த, ஒரு மான் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ஓடுகிறது. அந்த மான் எந்த ஊர் மானும் அல்ல. துரத்துபவன் நமக்குப் பகைவனும் அல்ல, நண்பனும் அல்ல. 'எனக்குப் பயமாக இருக்கிறது', 'அவனுக்குப் பயமாக இருக்கிறது' என்ற ஒட்டுகள் எல்லாம் உதிர்ந்து, இடமும் காலமும் கழன்று, அச்சம் மட்டும் மிஞ்சுகிறது. அதைச் சுவைக்க முடிகிறது. இந்தக் கணக்கில் நம்பிக்கை அச்சத்துக்கு அடிப்படை அல்ல, இடையூறு. ஆபத்து என்னுடையது என்று நான் நம்பிவிட்டால் ஓடத்தான் முடியும். அச்சத்தைப் பார்க்க முடியாது.

இங்கே ஒரு வலுவான எதிர்வாதம் அபிநவகுப்தரிடமிருந்தே வருகிறது. சுவை தோன்றுவதைத் தடுக்கும் இடையூறுகளைப் பட்டியலிடும்போது அவர் முதலில் வைப்பது 'இப்படி நடக்கவே முடியாது' என்ற அவநம்பிக்கையைத்தான். அப்படியானால் முகமூடி விளிம்பு தெரிகிற படம் முதல் படியிலேயே தோற்றுவிட வேண்டாமா? தோற்றிருக்கும், கலை நம்ப வைப்பதற்கு இருக்கும் ஒரே வழி இயல்பைப் பிரதி எடுப்பது என்றால். ஆனால் அதே மரபு உலகியல் வழியையும் நாடக வழியையும் பிரித்துப் பேசுகிறது. கிரீடமும் முகப்பூச்சும் முன்பாட்டும் நடிகனை மறைத்துப் பார்வையாளரை வேறோர் இடத்துக்கு அழைத்துப்போகும் சாதனங்கள் என்று அபிநவகுப்தரே விளக்குகிறார். பழைய பாணித் திகில் படத்தில் அந்த வேலையைச் செய்பவை படச்சுருளின் புள்ளிகள், வீடியோ கேசட்டின் நடுங்கும் கோடுகள், சிந்தசைசரின் ஒற்றை இழை இசை, தடித்த மஞ்சள் எழுத்தில் வரும் தலைப்பு. இவற்றைப் பார்த்ததும், இது ஒரு பேய்க்கதை, இதன் விதிகள் இவை, உள்ளே வருவதென்றால் வாருங்கள் என்ற அழைப்பு பார்வையாளருக்குப் புரிந்துவிடுகிறது. அந்த அழைப்பை ஏற்றுக்கொண்டவரிடம் முகமூடி ரப்பர் என்று சுட்டிக்காட்டுவது, கூத்து மேடையில் துரியோதனனுக்கு மரக்கட்டைக் கிரீடம் என்று குறை சொல்வதற்குச் சமம்.

டி வெஸ்ட் இயக்கிய 'த ஹவுஸ் ஆஃப் த டெவில்' (2009) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பத்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் 16 எம்எம் படச்சுருளில் எடுக்கப்பட்ட படம் அது. கதை நடப்பது 1980களில். படத்தின் உருவமும் அந்தக் காலத்துப் படங்களைப் போலவே இருக்கிறது: மெல்ல நெருங்கும் ஜூம், உறைந்து நிற்கும் சட்டங்களின் மேல் ஓடும் பெயர்கள். விளம்பரத்துக்காக அதை வி.எச்.எஸ் கேசட்டாகவும் வெளியிட்டார்கள். கையில் காசில்லாத ஒரு கல்லூரி மாணவி, சந்திர கிரகண இரவில், ஊருக்கு வெளியே ஒரு பெரிய வீட்டுக்குத் துணையாக இருக்கும் வேலைக்குப் போகிறாள். அதன்பின் வெகுநேரம் எதுவுமே நடப்பதில்லை. அவள் மாடிப்படி ஏறுகிறாள், அறைகளைத் திறந்து பார்க்கிறாள், வாக்மேனைக் காதில் மாட்டிக்கொண்டு வீடெங்கும் ஆடித் திரிகிறாள். பிசாசு வருவதற்கு வெகுமுன்பே பார்ப்பவர் நடுங்கத் தொடங்கிவிடுகிறார். அரக்கனைக் காட்டப் பணம் இல்லாத இயக்குநர் வீட்டையும் கதவையும் தனியாக இருக்கும் ஓர் உடலையும் காட்ட வேண்டியிருக்கிறது. ரைமியும் தன் பிசாசைக் காட்டவில்லை. கேமராவை ஒரு பலகையில் பொருத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து இருவர் காட்டுக்குள் ஓட, அந்த ஓட்டமே பிசாசின் பார்வையானது. செலவு குறையக் குறைய அச்சத்தின் உண்மையான பொருள் வெளியே வருகிறது. நாம் அஞ்சுவது ரப்பர் முகத்துக்கு அல்ல. உடல் உடையக்கூடியது, வீடு முழுக்காவல் அல்ல, பெரியவர்கள் என்று நம்பியவர்கள் நல்லவர்கள் அல்லாமலும் இருக்கலாம் என்பதற்குத்தான். இவை பொய்கள் அல்ல. பொய்யான பொருளின் வழியாக மெய்யான ஒன்றுக்கு அஞ்சுகிறோம் என்பதால்தான் அந்த அச்சம் போலி அல்ல என்கிறேன்.

நம்பிக்கையோடு கூடிய அச்சம் எப்படி இருக்கும் என்பதற்கு இந்தப் படங்கள் திரும்பிப் பார்க்கிற அதே பத்தாண்டு சாட்சி சொல்கிறது. 'த ஹவுஸ் ஆஃப் த டெவில்' தொடங்கும்போது, 1980களில் பெரும்பாலான அமெரிக்கர்கள் சாத்தான் வழிபாட்டுக் குழுக்கள் இருப்பதாக நம்பினார்கள் என்றொரு வாசகம் திரையில் வருகிறது. அந்த நம்பிக்கை கற்பனை அல்ல, வரலாறு. ஒரு மனநல மருத்துவரும் அவரிடம் சிகிச்சை பெற்ற பெண்ணும் சேர்ந்து எழுதி 1980இல் வெளிவந்த 'மிஷெல் ரிமெம்பர்ஸ்' என்ற நூல், சாத்தானின் பெயரால் குழந்தைகள் சித்திரவதை செய்யப்படுவதாகச் சொன்னது. 1983இல் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் மெக்மார்ட்டின் மழலையர் பள்ளி மீது குற்றச்சாட்டு கிளம்பியது. வழக்கு 1990 வரை இழுத்தது. ஒருவர்மீதும் குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் அதற்குள் ஐந்து ஆண்டுகளைச் சிறையில் கழித்துவிட்டார். ஆர்கன்சாவில் மூன்று சிறுவர்களின் கொலைக்காக 1994இல் மூன்று இளைஞர்கள் தண்டிக்கப்பட்டபோது, அவர்களில் ஒருவர் உடுத்திய கறுப்பு உடை, கேட்ட இசை, படித்த திகில் கதைகள்கூட சாத்தான் வழிபாட்டுக்கு அடையாளங்களாக எடுத்துக்காட்டப்பட்டன. அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மூவரும் விடுதலையானது 2011இல். இப்படிப்பட்ட குழுக்களின் கொலைகளுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று எஃப்.பி.ஐ. ஆய்வாளர் கென்னத் லான்னிங் 1992இல் எழுதினார். பேய்க்கதையை விளையாட்டாகப் படித்தவர் சிறையில் இருந்தார். அதை மெய்யென்று நம்பியவர்கள் அவரை விசாரித்தார்கள். எந்த அச்சம் ஆபத்தானது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

இனி நண்பர்கள். சுவையைத் தனி மனத்தின் அனுபவமாக மட்டும் அபிநவகுப்தர் பார்க்கவில்லை. அவருடைய தந்திராலோகத்தில் ஓர் அரிய கவனிப்பு இருக்கிறது. உடல்கள் வேறு வேறாக இருப்பதால் சுருங்கிக் கிடக்கும் உணர்வு, கூட்டத்தில் கூடும்போது ஒருவரில் ஒருவர் கண்ணாடிபோலப் பிரதிபலித்து விரிகிறது. ஆடலும் பாடலும் நிகழும் அவையில் ஒவ்வொருவரும் அதில் ஒன்றும்போது அந்த மகிழ்ச்சி தனியாளுடையதாக இல்லை. ஒன்றாத ஒருவர் நடுவே இருந்தால் அது கலைந்துபோகிறது. அவர் பேசியது சடங்குக் கூட்டத்தைப் பற்றி. ஆனால் திகில் படத்தைச் சேர்ந்து பார்க்கும் அறைக்கு அது அப்படியே பொருந்துகிறது. பக்கத்தில் இருப்பவர் மூச்சை அடக்குவது என் அச்சத்தைக் கூட்டுகிறது. அவர் சிரிப்பது என் பிடியைத் தளர்த்துகிறது. அச்சத்தையும் நகைப்பையும் ஒரே இலையில் பரிமாறுவது நமக்குப் புதிதும் அல்ல. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன. அந்தப் பகுதி அருவருப்பும் பயங்கரமும் பெரும் நகைச்சுவையும் சேர்ந்தது. சிரிப்பு அச்சத்தைக் கொல்வதில்லை. இது ஆக்கப்பட்டது, இதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நாம் என்ற அறிவை அது அணையாமல் வைத்திருக்கிறது. தனியே பார்ப்பவர் அந்தக் காவலைத் தானே செய்துகொள்ள வேண்டும். கூட்டத்தில் அந்த வேலை முறைவைத்துப் பகிரப்படுகிறது.

கூட்டம் அச்சத்தைத் தெளிவாக்கும் என்பதற்கு நேர் எதிரான சான்றுகளும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். கிறித்தவ இறையியலாளர் அகஸ்தீனார் தன் ஒப்புதல்கள் நூலில் நண்பர் அலிப்பியஸின் கதையைச் சொல்கிறார். கிளாடியேட்டர் சண்டையை வெறுத்த அவரை நண்பர்கள் வலுக்கட்டாயமாக இழுத்துச் சென்றார்கள். அவர் கண்களை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட்டம் ஒரேயடியாக ஆர்ப்பரித்தபோது கண்ணைத் திறந்தார். அதன்பின் மூடவில்லை, வெறியில் மூழ்கினார். நமக்குப் பக்கத்திலும் சான்று உண்டு. 2018 மே மாதம் குழந்தை கடத்துகிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பிய கூட்டம், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த முதிய பெண் ஒருவரை அடித்துக் கொன்றது. அதுவும் சேர்ந்து அஞ்சிய கூட்டம்தான். ஆனால் இரண்டிலும் இல்லாத ஒன்று எது என்று பார்க்க வேண்டும். ரோமானியக் களத்தில் இரத்தம் மெய்; அங்கே 'இது பாகு' என்று சொல்ல ஒருவருக்கும் வழி இல்லை. வதந்தியை நம்பிய கூட்டத்தில் 'இது கட்டுக்கதை' என்று சொல்லிச் சிரிக்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. சிரித்திருந்தால் அவரும் கடத்தல்காரராகியிருப்பார். வன்முறைக் கூட்டத்தையும் நண்பர் கூட்டத்தையும் பிரிப்பது எண்ணிக்கையோ உணர்ச்சியின் அளவோ அல்ல, சிரிக்க அனுமதி உண்டா இல்லையா என்பதுதான்.

அகஸ்தீனாரின் இன்னொரு குற்றச்சாட்டு இதைவிடக் கடினமானது. நாடக அரங்கில் பிறர் துன்பத்தைக் கண்டு கண்ணீர் விடுகிறோம். அவர்களுக்கு உதவ வேண்டிய கடமை நமக்கு இல்லை. அந்தக் கண்ணீரில் ஒரு சுகம் இருக்கிறது. இது இரக்கத்தையே கெடுக்காதா? பிளேட்டோவின் குடியரசில் வரும் லியோண்டியஸும் இங்கே நினைவுக்கு வருகிறார். தண்டிக்கப்பட்டவர்களின் பிணங்களைப் பார்க்கும் ஆசையோடு போராடி, தோற்று, தன் கண்களையே திட்டிக்கொண்டு பார்த்தவர் அவர். திகில் ரசனையில் இந்த இழிந்த ஆசை கலந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. மறுக்கவும் வேண்டாம். ஆனால் அது எப்போது தீமையாகிறது என்று கேட்கலாம். இத்தாலிய இயக்குநர் ருஜ்ஜெரோ டியோடாட்டோவின் 'கானிபல் ஹோலகாஸ்ட்' (1980) மெய்யான ஆவணப்படம் போல எடுக்கப்பட்டது. நடிகர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று அவர் நிரூபிக்க வேண்டிய நிலை வந்தது. நடிகர்கள் உயிரோடு இருந்தார்கள். ஆனால் அந்தப் படத்துக்காக விலங்குகள் உண்மையிலேயே கொல்லப்பட்டிருந்தன. அங்கே அகஸ்தீனார் சொன்னது முழுக்கச் சரி. ஆக்கத்தின் விளிம்பை முற்றிலும் மறைத்து, மெய்த்துன்பத்தையும் கலந்து விற்கிற படத்திடம் என் வாதம் செல்லாது. விளிம்பு தெரிகிற மலிவுப் படம் அந்தக் குற்றத்துக்கு ஆளாவதில்லை. அதன் பாதிக்கப்பட்டவர் படப்பிடிப்பு முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போயிருப்பார் என்பதைக் கடைசி இருக்கையில் இருப்பவரும் அறிவார்.

எல்லோருக்கும் அந்த அறிவு தானாக இருக்கிறதா? இல்லை. 'நைட் ஆஃப் த லிவிங் டெட்' வெளியான புதிதில், குழந்தைகள் நிறைந்த ஒரு பகல் காட்சியைப் பார்த்த விமர்சகர் ரோஜர் ஈபர்ட், தொடக்கத்தில் கத்திக் கூச்சலிட்டுக் களித்த பிள்ளைகள் படம் போகப்போக அடங்கி, ஒரு சிறுமி அழுதுகொண்டிருந்ததை 1969இல் எழுதினார். அமெரிக்காவில் வயதுவாரித் தரச்சான்று முறை 1968 நவம்பரில்தான் வந்தது. படம் அதற்கு ஒரு மாதம் முன்பே வெளியாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளிடம் குறை ஒன்றும் இல்லை. நம்பாமல் அஞ்சுவது கற்றுக்கொள்ள வேண்டிய திறன் என்பதைத்தான் அது காட்டுகிறது. மூத்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்து சிரித்துக் காட்டினால்தான் அந்தப் பாடம் தொடங்கும். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பிழையும் உண்டு. முதல் காட்சியிலிருந்தே ஒவ்வொரு சட்டத்தையும் கேலி செய்து, தான் ஏமாறவில்லை என்று அறிவித்துக்கொண்டே இருப்பவர் சிலர். அபிநவகுப்தர் சொன்ன ஒன்றாத ஆள் அவர்தான். அச்சத்துக்குப் பின் வருகிற சிரிப்பு வேறு, அச்சம் வராமல் வாசலை அடைக்கிற சிரிப்பு வேறு. பின்னது அறிவின் அடையாளம் போலத் தோன்றும். உண்மையில் அதுவும் ஒரு பயம், நடுங்குவதைப் பிறர் பார்த்துவிடுவார்களோ என்ற பயம்.

கடைசியாக ஓர் ஐயம் பக்தர்களிடமிருந்து எழலாம். நம்பாத அச்சமே மேல் என்றால் சமயங்கள் கற்பிக்கும் பயபக்தி என்ன ஆவது? சமயங்களின் ஆழமான பகுதிகள் இந்த வாதத்துக்கு எதிரானவை அல்ல என்றே நினைக்கிறேன். ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் இயற்றிய பௌத்த நூலான விசுத்திமக்கம் பிணத்தின் பத்து நிலைகளைத் தியானப் பொருளாக்குகிறது. பிணம் எழுந்து வந்து பிடிக்கும் என்று நம்பச் சொல்வதற்காக அல்ல, உடலின் இயல்பை அச்சத்தின் நடுவே நின்று பார்ப்பதற்காக. சுடுகாட்டுக்குப் போகிற துறவி மூத்தவர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றும் அது அறிவுறுத்துகிறது. அச்சத்தைத் தேடிப் போகிறவருக்கும் துணை வேண்டும் என்பது அதன் பொருள். காரைக்கால் அம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்றுத் திருவாலங்காட்டில் இறைவனின் ஆட்டத்தைப் பாடினார். அங்கே பேய் பயமுறுத்துகிற ஒன்றாக இல்லை, அடியாராகிவிடுகிறது. உக்கிரமான முகத்தைக் காட்டி அபயக் கையையும் கூடவே காட்டுகிற மரபு, அஞ்சுங்கள் என்பதோடு நிறுத்துவதில்லை. முகத்தை மட்டும் காட்டிக் கையை மறைக்கிற சமயமும் அரசியலும்தான் மெக்மார்ட்டின் வழக்குகளை உண்டாக்குகின்றன.

ஆகவே ரப்பர் முகமூடிக்கு நடுங்கிவிட்டு நண்பரோடு சிரிக்கிறவர் தன்னை ஏமாற்றிக்கொள்ளவும் இல்லை, நேரத்தை வீணாக்கவும் இல்லை. அச்சம் வரும்போதே அதை அறிந்திருப்பது எப்படி என்று பழகிக்கொள்கிறார். அந்தப் பழக்கம் திரைக்கு வெளியேதான் அதிகம் தேவைப்படும். நம்மை அஞ்சச் சொல்கிற எவரிடமும், அது செய்தியாகட்டும், மேடைப் பேச்சாகட்டும், சாமியாரின் எச்சரிக்கையாகட்டும், இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: உங்கள் முகமூடியின் விளிம்பைப் பார்க்க எங்களுக்கு அனுமதி உண்டா? பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து சிரிக்க அனுமதி உண்டா? இரண்டுக்கும் ஆம் என்று சொல்பவர் கலைஞர். இல்லை என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.